கண்மாய்க்கு நான்காவது கரை வேண்டாம்: எஸ்டிமேட் போடும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கண்மாய் வேலைகளுக்கு வரைபடம் போட்டு, எஸ்டிமேட் எழுதிக் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

இதை ஆட்சியருக்கு எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றால் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். பிறகு அந்த மனு மேசை மேசையாக இறங்கி, "உரிய நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு கடைசியில் உங்களிடம் வந்து நிற்கும். நடுவில் இருக்கும் மேசைகளுக்கு எதற்கு வீண் சிரமம் என்று நேராக உங்களுக்கே எழுதுகிறேன். ஒரு கண்மாயின் தலையெழுத்து உங்கள் குறுக்குவெட்டுப் படத்தில்தான் எழுதப்படுகிறது என்பது எனக்கே கடந்த தை மாதம்தான் புரிந்தது. அதுவும் ஒரு பறவைகள் சரணாலயத்தில் வைத்து. கண்மாயின் திறந்து கிடக்கும் மேட்டுப் பக்கத்தையும் கரை கட்டி அடைத்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறவன். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரும் நோட்டுமாகக் கண்மாய்க் கரைகளில் திரிகிறேன். பறவைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். மண்வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் குறையை என் தாய்மாமா தீர்த்து வைத்தார். முப்பது வருடத்துக்கு மேல் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் பட்ட எதையும் அடியும் அங்குலமுமாகத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலின் நீள அகலம் சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அத்தை ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, வீட்டில் தனியாக இருப்பானேன் என்று அவரையும் வேட்டங்குடிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

நாலரை மணிக்கு மாட்டுத்தாவணியில் டீ. தை பிறந்து ஒரு வாரம் ஆகியும் பனி விட்டபாடில்லை. மேலூர் போகும் வழியில் மாமா காரின் இடதுபக்க இருட்டைக் காட்டி, அரிட்டாபட்டி அந்தப் பக்கம்தானே என்றார். ஆமாம் என்றேன். அந்த மலையும் சுற்றுப்புறமுமாக 193.42 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அதையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்ததும், மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. மலையை உடைக்க வருகிறவன் வெடியோடு வருவான், ஊர் கூடிவிடும். கண்மாய்க்கு வருகிறவர்கள் அழகுபடுத்த வருகிறார்கள். ஊர் கைதட்டும். ஆகையால்தான் கண்மாய்க்காகக் கூட்டம் கூடுவதில்லை, என்னைப் போன்றவர்கள் கடிதம் எழுதும்படி ஆகிறது.

வேட்டங்குடி சரணாலயம் சிவகங்கை மாவட்டத்தில், மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் இருக்கிறது. மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுமார். வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய கண்மாய்கள் சேர்ந்தது, மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். 1977-இல் அறிவித்தார்கள். தீபாவளிக்கு அந்த ஊர்களில் வெடி போடுவதில்லை என்பதும், அதற்கு நன்றியாக வனத்துறை வீடு வீடாக இனிப்பு கொடுப்பதும் வருடா வருடம் பத்திரிகையில் வரும். படித்திருப்பீர்கள். நான் அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். ஏழெட்டு வயதில் கையில் மத்தாப்பு மட்டும் கொடுத்து, வெடிச் சத்தமே வேண்டாம் என்று ஒரு பிள்ளையைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா? அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. பறவை எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. யாரோ கூழாங்கற்களை முறத்தில் போட்டு விடாமல் புடைப்பது போல. மாமா நின்று கேட்டுவிட்டு, "இந்நேரத்தில் எங்கே ஜல்லி இறக்குகிறார்கள்?" என்றார். நத்தைக்குத்தி நாரைகள் கூட்டில் அலகோடு அலகைத் தட்டும் ஓசை அது. அவற்றுக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. கோபம், வரவேற்பு, கொஞ்சல் எல்லாம் அந்தத் தட்டல்தான்.

வெளிச்சம் வர வர, தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. ஒவ்வொரு மரமும் அடுக்குமாடி வீடு. உச்சியில் நாரைகள், கொஞ்சம் கீழே வெள்ளை அரிவாள் மூக்கன்கள், அதற்கும் கீழே நீர்க்காகங்களும் கொக்குகளும், இலை மறைவில் தூங்கி வழியும் இராக்கொக்குகள். கிளைகள் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தன. வாடையும் அதற்கேற்ற வாடைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த எச்சம் கரைந்த தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போனால் உரம் குறைவாகப் போட்டாலே போதும் என்பது சரணாலயத்துக் கண்மாய்களுக்குக் கீழே பயிர் செய்யும் குடியானவர்களுக்குத் தெரியும்.

ஒரு கூட்டை மட்டும் அரைமணி நேரம் பார்த்தோம். தாயோ தகப்பனோ, இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் சொல்ல முடியாது, வயலிலிருந்து வந்து கூட்டின் விளிம்பில் நின்றது. மூன்று குஞ்சுகள் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கெஞ்சின. பெரியது வயிற்றிலிருந்து நத்தைச் சதையை எக்கிக் கூட்டுக்குள் கொட்டியது. குஞ்சுகள் முட்டிமோதி எடுத்துக்கொண்டன. அந்தப் பெரிய நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டி தேய்ந்து போனது போல. குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி கிடையாது, நேராகப் பொருந்தி மூடும். வளர வளரத்தான் விலகும். வயலில் நாற்றைத் தின்கிற நத்தையை ஒரு நாளில் எத்தனை பொறுக்கும் என்று மாமா கேட்டார். என்னிடம் கணக்கு இல்லை. கணக்கில்லாத பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

எட்டு மணிக்கு மேல் எனக்கு மரங்கள் அலுத்துவிட்டன. உண்மையைச் சொன்னால் கூட்டுப் பறவைகள் எல்லோருக்கும் பிடித்தவை. என் பித்து சேற்றுப் பறவைகள் மீது. அவை உருவத்தில் சிறியவை, நிறத்தில் மண், பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கரையை விட்டு இறங்கி, நீர்வரத்துப் பக்கமாகச் சுற்றிப் போய் வயல் வரப்பில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் கரை கிடையாது. அறுப்பு முடிந்த வயல் எங்கே முடிகிறது, கண்மாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாதபடி ஒன்று மற்றொன்றாகக் கரைந்திருந்தது. முதலில் காய்ந்த மண், அப்புறம் ஈர மண், அப்புறம் பளபளக்கும் சேறு, அதற்கப்பால் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். ஈர மண்ணில் ஓடி நின்று ஓடி நின்று கொத்தும் குட்டிப் பறவை பட்டாணி உப்புக்கொத்தி. சேறும் தண்ணீரும் சேரும் கோட்டில் பொறி உள்ளான். இன்னும் உள்ளே, சிவந்த குச்சிக்கால்களோடு நெடுங்கால் உள்ளான். அதற்கப்பால் சின்னக் கொக்கு. பிறகு சாம்பல் நாரை. அதையும் தாண்டி, தலை கீழே வால் மேலே என்று கவிழ்ந்து மேயும் புள்ளிமூக்கு வாத்து. கடைசியில் ஆழத்தில் மூழ்கி மூழ்கி எழும் முக்குளிப்பான். மாமா பைனாகுலரை வாங்கி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கிடைத்தது.

"மாப்பிள்ளை, இவை பறவை இல்லை. கேஜ்."

எனக்கு விளங்கவில்லை.

"மடையில் ஆழம் பார்க்கக் கோடு போட்ட கல் நட்டிருப்போமே, அது போல ஒவ்வொன்றும் ஒரு அளவில் நிற்கிறது பார். அந்தப் பொடியன் நிற்கும் இடம் பூஜ்யம். புள்ளிக்காரன் நிற்பது இரண்டு அங்குலம். சிவப்புக்காலுக்கு முட்டி நனையவில்லை, நான்கு அங்குலம் வைத்துக்கொள். நாரைக்கு ஓரடி. வாத்துக்குத் தரை எட்டுகிறது என்றால் ஒன்றரை அடிக்குள்தான். அதற்கப்புறம் முங்குகிறவன் பாடு."

அதன்பின் அவர் நீளத்தைக் கண்ணால் அளந்தார். நீர் விளிம்பிலிருந்து வாத்துவரை நூற்று முப்பது அடி தேறும் என்றார். நூற்று முப்பது அடி தூரத்தில் ஒன்றரை அடி இறக்கம். ஏறத்தாழ எண்பத்தேழுக்கு ஒன்று சரிவு. பத்திரிகையின் பின்பக்கத்தில் மணமக்களின் பெயர் மங்கலாகத் தெரிய, அதன்மேல் நீட்டி ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு பறவையும் நிற்கும் புள்ளியில் குறுக்குக் கோடு போட்டு, சங்கிலித் தூரமும் ஆழமும் எழுதினார். பன்னிரண்டு வருடமாக நான் நோட்டில் எழுதிய பெயர்களெல்லாம் அந்த ஒரு கோட்டில் வரிசையாக நின்றன. இத்தனை நாள் பறவை பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தரையைப் பார்க்கவே இல்லை.

அடுத்து அவர் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். "இந்தச் சரிவில் தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினால் என்ன ஆகும்? ஏழடி அகலத்துக்குப் புதுச்சேறு வெளியே வரும். கண்மாயைச் சுற்றி எவ்வளவு தூரம் சரிவு இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கும் ஏழடி. மடை திறந்து, வெயிலும் குடித்து, தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு நாளும் இவர்களுக்கு இலை போட்டுக்கொண்டே இருக்கிறது. இதே இடத்தில் கல் பாவி இரண்டுக்கு ஒன்று சரிவில் கரை கட்டியிருந்தால், ஓர் அங்குலம் இறங்கும்போது இரண்டு அங்குலம் கல்தான் தெரியும். கல்லை யார் தின்பது?"

சேற்றில் இருப்பது என்ன என்று உங்களில் யாராவது கேட்டால்: புழு, பூச்சியின் இளம்பருவம், பொடி நத்தை. வடக்கே ஆசியாவின் குளிர்ச் சதுப்புகளில் முட்டையிட்டு வளர்த்துவிட்டு, பனி கொட்டும் முன் கிளம்பி நம் பக்கம் வரும் பொறி உள்ளான் ஓர் உள்ளங்கைக்கு மேல் பெரிதில்லை. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்த ஏழடிச் சேற்றில்தான் சேர்க்க வேண்டும். பங்குனி, சித்திரை வாக்கில் கிளம்பிவிடும்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். எந்தக் கண்மாய் என்று எழுதப்போவதில்லை, யார் வேலை என்றும் எழுதப்போவதில்லை. பழி சொல்வது நோக்கமில்லை. மதுரைக்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் ஒரு கண்மாய் இருந்தது. நம் பக்கத்துக் கண்மாய்கள் எல்லாவற்றையும் போல அதுவும் பிறை வடிவம்: தாழ்ந்த பக்கம் பெரிய கரை, இருபுறமும் அது மெலிந்து மெலிந்து முடியும், மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைத் தண்ணீர் வரத்துக் கால்வாய் வழியாகவும் வரும், மேட்டுப் பக்கத்துப் புஞ்சையிலிருந்து பரவியும் வரும். ஒரு கோடையில் பொக்லைன்கள் வந்தன. தரையை ஒரே மட்டமாகச் சுரண்டினார்கள். வெட்டிய மண்ணைத் திறந்து கிடந்த மேட்டுப் பக்கம் கொட்டி நான்காவது கரையாக்கி, கல் பாவி, மேலே நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, சிமெண்ட் பெஞ்சு வைத்தார்கள். கருவேல மரங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. நடுவில் வட்டமாக ஒரு திட்டு, சுற்றிலும் செங்குத்தாக. திறப்பு விழா நன்றாக நடந்தது. காலையில் நடக்க வருகிறவர்களுக்கு உண்மையிலேயே வசதிதான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு அங்கே நடந்து சர்க்கரை குறைந்திருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அடுத்த தை மாதம் என் நோட்டில் ஒரு பக்கம் கொள்ளாமல் எழுதிய இடத்தில் மூன்று வரி. நீர்க்காகம், முக்குளிப்பான், கல்மேல் ஒரு வெண்தொண்டை மீன்கொத்தி. தண்ணீர் முன்னைவிட அதிகமாகவே நின்றது. எனக்கு அன்று காரணம் புரியவில்லை. மனிதர் நடமாட்டம் என்று நினைத்தேன், விளக்கு என்று நினைத்தேன், எங்கள் ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மூக்கருகே போவதால் என்றும் நினைத்தேன். (அது தனிக் குறை. கூட்டுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்கவிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். அது இவ்வளவு மரியாதையாக இருக்காது.) கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கண்மாயாக இருந்ததைத் தொட்டியாக்கியிருக்கிறார்கள்.

தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. விவசாயிகள் வண்டல் அள்ளிப் போவது கண்மாய்க்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. எந்த இடத்தில் அள்ளுவது என்பதுதான் கேள்வி. இதையும் மாமாவிடமே கேட்டேன். ஆழம் வேண்டியது பெருங்கரையை ஒட்டி, மடைக்கு முன்னால். மேட்டுப் பக்கம் சுரண்டினால் கூடுதலாகக் கிடைக்கும் தண்ணீர் சொற்பம் என்றார். அதோடு மடைத்தளத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் மடையேறாது. கிணறுகளுக்கு ஊறும், அது லாபம்தான். பாசனக் கணக்கில் வராது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று அறிவேன். பிறகு ஏன் எல்லா இடத்திலும் ஒரே மட்டம்?

அவர் சிரித்தார். "எம் புக்கில், அதான் அளவுப் புத்தகத்தில், எழுத வேண்டாமா? மட்டமாக வெட்டினால் நீளம், அகலம், ஆழம், மூன்றையும் பெருக்கி எழுதிவிடலாம். கோணல்மாணலாக விட்டால் ஒவ்வொரு இடத்திலும் லெவல் எடுக்க வேண்டும், தணிக்கையில் கேள்வி வரும். அளந்து எழுத முடியாததற்கு யாரும் பில் போடமாட்டார்கள்."

சார், ஆகையால்தான் உங்களிடம் வருகிறேன். சேறு யாருடைய அளவுப் புத்தகத்திலும் இல்லை. சட்டத்திலும் அதற்கு இடமில்லை: 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளைத் தம் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டன. நம் கண்மாய்கள் அனைத்தும் அந்த வகைதான். இத்தனைக்கும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்கள் என்று பட்டியலில் ஏறிய தமிழ்நாட்டின் 20 ராம்சார் தலங்களில் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும், பக்கத்து ராமநாதபுரத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பாசனத்துக்கு வெட்டியவைதாம். பட்டியலில் ஏறிய கண்மாய்க்கு உலக மரியாதை, ஏறாத கண்மாய்க்கு உங்கள் வரைபடம் மட்டுமே காவல்.

வேடந்தாங்கல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டு விளையாடியபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-இல் அவர்களுக்குக் கவுல், அதாவது பறவைகளைக் காக்கும் உரிமைச் சீட்டு, கிடைத்தது. பறவை எச்சத்தால் வயல் விளைகிறது என்பதுதான் அவர்கள் சொன்ன நியாயம். கும்பினி அதிகாரிக்கே புரிந்த நியாயம், நம்மவர்களுக்குப் புரியாமல் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான்காவது கரைக்கு நீங்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. திறந்து கிடந்தால் ஆக்கிரமித்துவிடுவார்கள். ஆமாம், ஆக்கிரமிப்பார்கள், மதுரையில் கண்மாய் இருந்த இடத்தில் என்னென்ன நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு எல்லையைக் காட்டினால் போதுமே, தண்ணீரை மறிக்க வேண்டுமா? சர்வே எல்லைக்கல் நடலாம். எல்லைக்கல்லுக்குக் கல் நடுவே பனங்கொட்டை ஊன்றலாம். பனை வரிசையைப் பிடுங்கிப் போட்டு வீடு கட்டினால் ஊருக்கே தெரியும்; தண்ணீரோ பனைகளுக்கு இடையே தாராளமாக வரும். நடைபாதை வேண்டுமென்றால் பெருங்கரை இருக்கிறதே, அதன்மேல் போடுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் தண்ணீரும் அழகு.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீமைக்கருவேலை அகற்றும் வேலையில் நாட்டுக் கருவேலும் சேர்ந்து போய்விடுகிறது. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு முள் என்றால் எல்லாம் முள்தான். மஞ்சள் பொட்டு போல உருண்டையாகப் பூத்து, பாசிமணி கோத்தது போலக் காய்ப்பது நாட்டுக் கருவேல். நீட்டுப் பூங்கொத்து தொங்குவது சீமை. வேலை தொடங்கும் முன் விட வேண்டிய மரங்களில் ஆளை விட்டு ஒரு சுண்ணாம்புப் பட்டை போடச் சொல்லுங்கள். அதற்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி போதும்.

சாயங்காலம் திரும்பும்போது கீழவளவுப் பக்கம் சாலையை விட்டுச் சற்று உள்ளே போனோம். கிரானைட் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்றில் மழைத் தண்ணீர் நிறைந்து பச்சையாக நின்றது. நான்கு பக்கமும் கத்தியால் அறுத்தது போலப் பாறைச் சுவர். அவ்வளவு தண்ணீர் வேட்டங்குடிக் கண்மாய்களிலேயே அன்று இருந்திருக்காது. மேற்கே சூரியன் இறங்கும் நேரம். சுற்று வட்டாரத்துக் கொக்குகளெல்லாம் வரிசை வரிசையாக எங்கள் தலைக்கு மேலே வடகிழக்கே போய்க்கொண்டிருந்தன. ஒன்று கூட அந்தப் பள்ளத்தில் இறங்கவில்லை. ஏன் இறங்க வேண்டும்? நிற்க இடமில்லை.

மாமா விளிம்பிலிருந்து தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். ஆழம் எவ்வளவு இருக்கும் என்று கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார், நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "என் சர்வீஸில் இரண்டு கண்மாய்க்கு நான்காவது கரை போட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. இரண்டுக்கும் நல்ல பெயர் வாங்கினேன்." அதற்கு மேல் மேலூர் வரும்வரை பேசவில்லை. மேலூரில் டீ குடிக்கும்போது, அதில் ஒன்றில் மேட்டுப் பக்கம் நடுவில் அறுபதடி மட்டும் உடைத்துச் சரித்துவிட்டால் போதும், பெரிய செலவில்லை என்றார். விரல்விட்டு எண்ணி ஜே.சி.பி. எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வரும்போது அது ஒரு முழு எஸ்டிமேட்டாகிவிட்டது.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு கண்மாய்க்குப் படம் போடும்போது, மேட்டுப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கோட்டின் அருகே "இயற்கைச் சரிவு, தொடக்கூடாது" என்று எழுதிவிடுங்கள். படத்தில் எழுதியிருந்தால் ஒப்பந்தக்காரர் தொடமாட்டார். எழுதாததை அவர் விட்டு வைத்ததாகச் சரித்திரம் இல்லை. முதலில் சாமநத்தம் கண்மாயைப் போன்ற இடங்களில் இதைச் செய்யுங்கள். மதுரைக்குத் தென்கிழக்கே இருக்கும் அந்தக் கண்மாயைச் சரணாலயமாக்கக் கேட்டு நெடுநாளாகக் குரல் எழுந்துகொண்டிருக்கிறது. அறிவிப்பு எப்போது வருகிறதோ வரட்டும். வரும்போது அங்கே சேறு இருக்க வேண்டும்.

மாமா வரைந்த குறுக்குவெட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். பத்திரிகையின் மறுபக்கம் ஒரு திருமண அழைப்பு. அது முடிந்துவிட்டது, பொருட்படுத்த வேண்டாம். தை, மாசி ஞாயிறுகளில் காலை ஆறரை மணி முதல் நாங்கள் இருவரும் சாமநத்தத்தில் இருப்போம். நேரில் பார்த்துக் கேள்வி கேட்க விரும்பினால் வரலாம். செருப்பு வேண்டாம், சேற்றில் மாட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரையிலிருந்து ஒருவன்

பின்குறிப்பு: படத்தில் நான்கு அங்குல ஆழத்தில் "நெ.உ." என்று எழுதியிருப்பது நெடுங்கால் உள்ளான். நெடுஞ்சாலை உட்கோட்டம் என்று எண்ணி அந்தத் துறைக்கு அனுப்பிவிட வேண்டாம்.